தம்மம்பட்டிச் சிற்பமும் நாலு முழ வேட்டியும்

சேலம் மாவட்டத்தில், ஆத்தூருக்குத் தெற்கே, தம்மம்பட்டி என்று ஓர் ஊர் உண்டு. ஒரு பக்கம் கொல்லிமலை. இன்னொரு பக்கம் பச்சைமலை. இடையே சுவேத நதி.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால், விஷயம் தெரிந்தவர்கள் உடனே, "மரச்சிற்பம் செய்கிற ஊர்தானே?" என்று கேட்பார்கள்.

ஆமாம். அதே ஊர்தான்.

தூங்குவாகை முதலான மரங்களில் பிள்ளையார், நடராசர், தசாவதாரம், யாளி, யானை, குதிரை என்று இங்கே செதுக்குகிறார்கள். கோவில்களுக்கு வாகனம் செய்கிறார்கள். வீட்டு வாசலுக்குச் சித்திரக் கதவும் செய்கிறார்கள்.

2020-21-ம் ஆண்டில் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்கு மத்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சீபுரம் பட்டுக்குக் கிடைத்த அதே மரியாதை! வேறு ஊரில் செய்த பொருளைத் "தம்மம்பட்டிச் சிற்பம்" என்று சொல்லி விற்கக்கூடாது என்பது அதன் பொருள்.

சரி. சிற்பத்தைச் செய்தாகிவிட்டது. விற்க வேண்டாமா?

முன்பெல்லாம் வாங்குகிறவர் நேரில் வருவார். சிற்பத்தைத் தடவிப் பார்ப்பார். தூக்கிப் பார்ப்பார். சுற்றி வந்து முதுகுப் பக்கத்தையும் பார்ப்பார். பிறகுதான் விலை பேசுவார்.

இன்று அப்படியா? பெங்களூரில் இருப்பவரும், சிங்கப்பூரில் இருப்பவரும் செல்போனில் வரும் படத்தைப் பார்த்தே "வேண்டும்", "வேண்டாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

சிற்பி பல நாள் உளி பிடித்திருப்பார். அந்த உழைப்புக்கு, உள்ளங்கை அளவுத் திரையில் சில விநாடி நேரம்தான் கிடைக்கிறது. படம் நன்றாக இல்லை என்றால் விரல் அடுத்த படத்துக்குப் போய்விடும். சிற்பம் பட்டறையிலேயே நிற்கும்.

படம் ஏன் நன்றாக அமைவதில்லை? காமிரா மட்டமானதா? அது இல்லை. பெரும்பாலும், படத்தில் வேண்டாத பொருள்கள் வந்து உட்கார்ந்து கொள்வதுதான் காரணம்.

கண் வேறு, காமிரா வேறு!

நம் கண் தனியாக வேலை செய்வதில்லை. மனமும் கூடவே வேலை செய்கிறது.

திருவிழாவில் குழந்தையைத் தவறவிட்ட தாய், ஆயிரம் தலைகளுக்கு நடுவே தன் குழந்தையின் தலையை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? மற்ற தலைகளும் அவள் கண்ணில் படத்தான் செய்கின்றன. மனம் அவற்றைத் தள்ளிவிடுகிறது.

காமிராவுக்கு மனம் கிடையாது. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காது. பிள்ளையாரையும் பிடிக்கும். அவர் பின்னால் தொங்கும் காலண்டரையும் பிடிக்கும். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிய சட்டையையும் பிடிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்கு இரண்டு கண்கள். அதனால் எது கிட்டத்தில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று எளிதாகத் தெரிகிறது. காமிராவுக்கோ ஒற்றைக் கண்! கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும் படத்தில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

புது மாப்பிள்ளையின் தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருக்கும் கல்யாணப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் கம்பம் இருபது அடி தள்ளி நின்றிருக்கும். படத்தில் அது மாப்பிள்ளையின் குடுமி ஆகிவிடுகிறது!

மரச்சிற்பத்துக்கு இந்தத் தொல்லை அதிகம். பட்டறையில் சிற்பமும் மரம். பின்னால் சாத்தியிருக்கும் பலகையும் மரம். கீழே கிடக்கும் சிறாயும் மரம். பக்கத்தில் பாதி செதுக்கிய இன்னொரு சிலையும் மரம். எல்லாம் ஒரே நிறம். யானையின் துதிக்கை எங்கே முடிகிறது, பின்னால் உள்ள பலகை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் தெரியாது.

இதற்கு என்ன வழி? உலகத்தில் பெயர் பெற்ற படக்காரர்கள் கூட இந்தக் கேள்வியோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு மிளகாயோடு பட்ட பாடு சுவையானது.

தகரப் புனலுக்குள் குடைமிளகாய்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் எட்வர்டு வெஸ்டன் என்று ஒருவர் இருந்தார். 1886-ல் பிறந்து 1958-ல் மறைந்தவர். போட்டோ எடுப்பதே அவருடைய தொழில்.

1930-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் குடைமிளகாய்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆம், சந்தையில் விற்கும் சாதாரணக் குடைமிளகாய்தான்! ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைந்து, திருகி, மடிந்து இருந்தது அவர் மனத்தை இழுத்தது. அந்த வளைவுகளைப் பார்க்கிறவர்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஒரு படம் எடுத்தார். திருப்தி இல்லை. இன்னொன்று எடுத்தார். அதுவும் சரியில்லை. பின்னால் வைக்கும் பொருளை மாற்றி மாற்றிப் பார்த்தார். மிளகாயின் ஓரம் பின்னணியோடு கலந்து போனால் வளைவு தெரியாது. பின்னணி பளிச்சென்று இருந்தால் கண் அங்கே ஓடிவிடும்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய தகரப் புனல் ஒன்றை எடுத்தார். எண்ணெய் ஊற்றுவதற்கு வைத்திருப்போமே, அந்த மாதிரிப் புனல்தான். அதைப் படுக்க வைத்தார். அகன்ற வாய்க்குள் மிளகாயை வைத்தார்.

என்ன அதிசயம்! புனலின் உட்புறம் இருட்டாகப் பின்வாங்கியது. அதே தகரத்தில் பட்டுத் திரும்பிய மெல்லிய வெளிச்சம் மிளகாயின் மேடுகளைத் தடவிக்கொண்டு வந்தது. மேசை இல்லை. சுவர் இல்லை. மிளகாய் ஒன்றுதான் இருந்தது.

வெளிச்சம் குறைவு. ஆகவே காமிராவின் கண்ணைப் பல நிமிடங்கள் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. மிளகாய் அசையாது என்பதால் பிழைத்தார்.

அந்த வரிசையில் 30 என்ற எண் பெற்ற படம் உலகப் புகழ் அடைந்துவிட்டது. பார்த்தவர்கள் அதில் முறுக்கேறிய தோளையும் முதுகையும் கண்டார்கள். வெஸ்டனோ, படமெடுத்த மிளகாய்களை வீணாக்கவில்லை. சாப்பிட்டுவிட்டார்!

ஒரு தகரப் புனல் என்ன விலை இருக்கும்? வெஸ்டன் பட்ட பாடெல்லாம், மிளகாயைத் தவிர மற்றதை எப்படி ஒளிப்பது என்பதில்தான்.

கூடாரம் தூக்கியவர்

மிளகாயைப் புனலுக்குள் வைக்கலாம். மனிதரை?

அர்விங் பென் என்ற இன்னோர் அமெரிக்கர் அதற்கும் வழி கண்டார். 1948-ல் அவர் தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்குப் போனார். அங்கே உள்ளூர்ப் படக்காரர் ஒருவருடைய ஸ்டூடியோவை வாடகைக்குப் பிடித்து, மலைவாசிகளை நிற்க வைத்துப் படம் எடுத்தார்.

பிற்பாடு எல்லா ஊரிலும் ஸ்டூடியோ கிடைக்காது என்று ஒரு கூடாரத்தையே தயார் செய்துகொண்டார். உள்ளே ஒரு வெற்றுத் துணி. பக்கத்தில் வெளிச்சம் வரத் திறப்பு. அவ்வளவுதான். 1967 முதல் 1971 வரை ஆப்பிரிக்கா, நேபாளம், நியூகினி, மொராக்கோ என்று கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

சந்தையிலும் தெருவிலும் இருந்த மனிதர்கள் அந்தத் துணியின் முன் வந்து நின்றார்கள். பின்னால் வீடு இல்லை, மலை இல்லை. முகமும், உடையும், கை வைத்திருக்கும் விதமும் மட்டும் தெரிந்தன. அந்தப் படங்களில் உள்ள ஏழைகள் அரசர்களைப் போல் நிற்கிறார்கள்.

நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் ஒரு காலத்தில் திரை இருந்தது. ஆனால் அது வெற்றுத் திரை அல்ல. மாளிகைப் படிக்கட்டு, மலை, ஏரி, தாஜ்மகால் எல்லாம் வர்ணத்தில் தீட்டியிருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும் அதற்கு முன்னால் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படங்களுக்கு ஓர் அழகு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் தாத்தாவின் முகத்தைப் பார்க்கும் முன் கண் படிக்கட்டில் ஏறிவிடுகிறது!

அந்த நாளிலேயே இதற்கு நேர்மாறான படம் ஒன்று தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டது. நம் வீடுகள் பலவற்றில் அது இருக்கும். திருவண்ணாமலை ரமண மகரிஷியின் முகமும் வெற்றுத் தோள்களும் மட்டும் தெரியும் படம் அது. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் என்ற படக்காரர் 1946-ல் எடுத்தார். பின்னால் ஒன்றும் இல்லை. மாலை இல்லை, ஆசனம் இல்லை. பார்க்கிறவர் அந்தக் கண்களைத்தான் பார்த்தாக வேண்டும்.

பட்டறையில் வேட்டித் திரை

இப்போது தம்மம்பட்டிக்குத் திரும்பலாம். அங்கே உள்ள ஏதோ ஒரு பட்டறையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி உயர நடராசர் தயார். அப்பா செல்போனைத் தூக்குகிறார். கல்லூரியில் படிக்கும் மகள் தடுக்கிறாள்.

"இருங்கப்பா. பின்னால பாருங்க. வார்னிஷ் டப்பா, உப்புத்தாள், உங்க சைக்கிள், எல்லாம் விழுது."

"விழுந்தா விழட்டும் கண்ணு. சாமி நடுவுலதானே இருக்காரு?"

"நமக்குத் தெரியும்ப்பா. வாங்கறவருக்கு சைக்கிள்தான் முதல்ல தெரியும்."

"சரி, என்னதான் செய்யணுங்கற?"

"உங்க வேட்டி ஒண்ணு குடுங்க. கரை இல்லாததா இருந்தா நல்லது."

"கரை இல்லாத வேட்டிக்கு நான் எங்க போவேன்?"

"கரையை மடிச்சுக் கட்டிக்கலாம். நாலு முழம் போதும்."

மகள் சொல்வது சரியே. ஒரு வேட்டி இருந்தால் ஸ்டூடியோ தயார்! ஆனால் அதைக் கட்டுவதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன.

வேட்டியை இஸ்திரி போட்டுக்கொள்ள வேண்டும். சுருக்கம் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு கோடாக விழும். மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்ப் பகுதியை அப்படியே முன்னால் இழுத்துத் தரையில் விரிக்க வேண்டும். அதன் மேல் சிற்பத்தை வைத்தால், சுவரும் தரையும் சேரும் கோடு மறைந்துவிடும். சிற்பம் வெளியில் மிதப்பதைப் போல் தனியே நிற்கும்.

சிற்பத்தைத் துணியோடு ஒட்டி வைக்கக் கூடாது. இரண்டடியாவது முன்னால் தள்ளி வைத்தால்தான் அதன் நிழல் துணியில் விழாது.

கருத்த வார்னிஷ் பூசிய சிற்பமா? வெள்ளை வேட்டி பொருந்தும். மெருகு போடாத வெளிறிய மரமா? வெள்ளையில் அது கரைந்துவிடும். கறுப்போ கருநீலமோ கட்ட வேண்டும். பூப்போட்ட சேலை வேண்டவே வேண்டாம். சேலை அழகாக இருந்தால் படம் சேலையினுடையதாகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். செதுக்கு வேலைக்கு உயிர் நிழல்தான். உளி தோண்டிய பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் பள்ளம் பள்ளமாகத் தெரியும். காமிராவில் உள்ள பிளாஷ் நேராக முகத்தில் அடிக்கிறது. பள்ளமும் மேடும் ஒரே வெளிச்சத்தில் தட்டையாகிவிடும். பல நாள் உழைத்துத் தோண்டியதை அது ஒரு நொடியில் தூர்த்துவிடும்!

ஆகவே பிளாஷ் வேண்டாம். டியூப் லைட்டையும் அணைத்துவிடலாம். காலை நேரத்தில் வாசல் கதவைத் திறந்து வைத்து, சிற்பத்துக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் வரும்படி செய்தால் போதும். மறுபக்கம் மிகவும் இருட்டாக இருந்தால், அங்கே ஒரு வெள்ளை அட்டையைப் பிடிக்கலாம். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். வெஸ்டனின் தகரப் புனல் செய்த அதே வேலை.

வெயில் நேராக விழுந்து வார்னிஷ் பளபளத்தால், வாசலில் இன்னொரு மெல்லிய வேட்டியைக் கட்டிவிடலாம். வெயில் அதில் வடிந்து சாந்தமாக உள்ளே வரும்.

எங்கே நின்று எடுப்பது? நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் நடராசரின் தலை பெருத்து, கால் சிறுத்துப் போகும். சிற்பத்தின் மார்பு உயரத்துக்குக் காமிராவை இறக்க வேண்டும். அதாவது, சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மிகவும் கிட்டத்தில் போனாலும் ஆபத்து. முன்னால் நீட்டிய கை, உடம்பை விடப் பெரிதாகத் தோன்றும். நாலைந்து அடி தள்ளி இருந்து, படத்தைப் பெரிதாக்கி எடுப்பது நல்லது.

செல்போன் செய்யும் தந்திரம்

"இத்தனை கஷ்டம் எதற்கு? செல்போனிலேயே பின்புறத்தை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே!" என்று கேட்கலாம்.

இருக்கிறது. பெரிய காமிராக்களில் லென்சின் திறப்பை அகலமாக்கினால், குறி வைத்த பொருள் மட்டும் தெளிவாகவும் பின்னால் உள்ளவை மங்கலாகவும் விழும். செல்போன் லென்சு மிகச் சிறியது. அதனால் இயல்பாக அவ்வளவு மங்கல் அதற்கு வராது. எது உருவம், எது பின்புறம் என்று கணக்குப் போட்டு ஊகித்து, பின்புறத்தை அதுவே பூசி மெழுகுகிறது.

மனித முகம் என்றால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். நடராசர் என்றால்? திருவாசியில் சுற்றிலும் சுடர்கள். சுடருக்கும் சுடருக்கும் நடுவே இடைவெளி. விரிந்து பறக்கும் சடை. எந்த இடைவெளி சிற்பம், எது சுவர் என்று செல்போன் குழம்பிவிடும். சுடரின் நுனியைப் பின்புறம் என்று நினைத்து அழித்துவிடும். சிற்பி ராப்பகலாகக் கூர்மை செய்த நுனி அது! வேட்டித் திரைக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

திரை கட்ட முடியாத இடம்

காட்டில் வேட்டி கட்ட முடியுமா?

மா. கிருஷ்ணன் என்ற தமிழரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன். வன விலங்குகளைப் படம் பிடிப்பதிலும் அவற்றைப் பற்றி எழுதுவதிலும் வாழ்நாளைச் செலவிட்டார். 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கல்கத்தாவின் "ஸ்டேட்ஸ்மன்" பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய அவருடைய கட்டுரைத் தொடர், 1996-ல் அவர் மறையும் வரை வந்தது.

அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். இதில் உள்ள சிரமம் பலருக்குத் தெரியாது. யானையின் உடம்பு சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சைப் புதரும் சாம்பல் நிறமாகவே விழும்! யானை இருப்பதே தெரியாமல் போகலாம். தந்தத்தில் வெயில் பட வேண்டும். அல்லது யானை புதரை விட்டு வெட்டவெளிக்கு வர வேண்டும். அதுவரை காத்திருப்பது ஒன்றுதான் வழி. காட்டு யானையிடம் "கொஞ்சம் இடப்பக்கம் நகருங்கள்" என்று சொல்ல முடியாதல்லவா?

நகர வேண்டியவர் படக்காரர்தான். இது வீட்டுப் படத்துக்கும் பொருந்தும். குழந்தையின் தலைக்குப் பின்னால் கம்பம் தெரிகிறதா? இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் கம்பம் போய்விடும். தெருவில் கடைப் பலகைகள் அதிகமா? காமிராவைத் தாழ்த்தி எடுத்தால் குழந்தைக்குப் பின்னால் வானம் வந்துவிடும். வானத்தை விட நல்ல திரை எங்கே இருக்கிறது? பஸ் குறுக்கே நிற்கிறதா? அது போகும் வரை பொறுக்கலாம்.

தம்மம்பட்டியில் ஜல்லிக்கட்டும் நடப்பதுண்டு. அங்கே காளையைத் தனியே காட்டுவது எப்படி? நாலு பக்கமும் கூட்டம்! அதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. காமிராவின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, காளை ஓடும் திசையிலேயே காமிராவையும் கூடவே திருப்பியபடி எடுக்க வேண்டும். காளை தெளிவாக விழும். பின்னால் உள்ள கூட்டம் வர்ணக் கோடுகளாக இழுபட்டுப் போகும். பத்து முறை முயன்றால் ஒரு முறை பலிக்கும்.

நடராசரை மீட்ட படம்

தனித்துத் தெரியும் ஒரு படத்தால் விற்பனை மட்டும்தானா பயன்? இல்லை. களவு போன சாமியையே அது மீட்டிருக்கிறது.

புதுச்சேரியில் 1955-ல் பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் ஆட்கள் தமிழ்நாட்டுக் கோவில்களுக்குச் சென்று, கற்சிலைகளையும் செப்புச் சிலைகளையும் படம் எடுத்து வைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள்! எந்த ஊர், எந்தக் கோவில் என்ற குறிப்போடு அவை பத்திரமாக இருக்கின்றன.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர். அங்குள்ள கோவிலில் இருந்து சோழர் கால நடராசர் களவு போனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் உள்ள தேசியக் கலைக்கூடம் ஒரு நடராசரை வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் டாலர்!

அவர் நம் ஊர்க்காரர்தான் என்று எப்படி நிரூபிப்பது? நடராசர் சிலைகள் எத்தனையோ இருக்கின்றன. புதுச்சேரிப் படங்கள் கைகொடுத்தன. கோவிலில் இருந்தபோது எடுத்த படத்தையும், கான்பெராவில் இருந்த சிலையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடிந்தது.

விருத்தாசலம் கோவில் அர்த்தநாரீசுவரர் கதையும் இதுவே. அவரை சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் வாங்கியிருந்தது. அவருக்கும் புதுச்சேரிப் படம் சாட்சி சொன்னது.

2014-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் டெல்லிக்கு வந்த ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், இரண்டு சிலைகளையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.

உற்சவத்தில் பூமாலையும் பட்டும் சாத்தி, தீபம் காட்டும்போது எடுத்த படங்கள் பக்தர்களின் வீட்டில் எத்தனையோ இருக்கும். அவை பூசைக்கு ஏற்றவை. சாட்சிக்கு உதவாது. மூடிய சிலையில் எதை ஒப்பிடுவது?

மரச்சிற்பிக்கும் சாட்சி தேவைப்படும் காலம் இது. இயந்திரத்தில் குடைந்தெடுத்த சிற்பங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. தூரத்தில் இருந்து பார்த்தால் கைவேலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. முழு உருவத்தை ஒரு படம் எடுத்த பிறகு, முகத்தை மட்டும் ஒன்று, ஒரு கையை மட்டும் ஒன்று என்று கிட்டத்தில் எடுத்து வைப்பது நல்லது. கொட்டாப்புளி தட்டிய உளியின் தடம் அங்கேதான் இருக்கிறது.

எதையெல்லாம் நீக்கக் கூடாது?

வேட்டித் திரையைக் கண்டதும் எல்லாவற்றுக்கும் பின்னால் அதைக் கட்டத் தோன்றும். அதுவும் தவறு.

சிற்பத்தைக் காட்டும் படம் வேறு. சிற்பியைக் காட்டும் படம் வேறு. சிற்பியைக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, வெள்ளைத் துணியின் முன் நிறுத்தினால் அவர் பாங்கு மானேஜரா, பள்ளிக்கூட வாத்தியாரா என்று யாருக்குத் தெரியும்? அவரைச் சுற்றிக் கிடக்கும் சிறாய், மடியில் உள்ள மரத்துண்டு, வரிசையாகப் படுத்திருக்கும் உளிகள் எல்லாம் அவரோடு சேர்ந்தவை. நீக்க வேண்டியது சைக்கிளையும் காலண்டரையும்தான்.

தேர்த் திருவிழாவில் கூட்டத்தை நீக்கிவிட்டுத் தேரை மட்டும் எடுத்தால் அது தேர்முட்டியில் நிற்கும் தேராகிவிடும். வடம் பிடிக்கும் கைகள் வேண்டும்.

மரச்சிற்பப் படத்திலேயே ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. சுற்றிலும் ஒன்றுமே இல்லாமல் எடுத்தால் அளவு தெரியாது. அரையடிப் பிள்ளையாரும் ஆறடிப் பிள்ளையாரும் படத்தில் ஒன்றுபோல் இருப்பார்கள். ஆறடி என்று நினைத்துப் பணம் அனுப்பியவர், பெட்டியைப் பிரித்ததும் என்ன சொல்வார்?

ஆகவே வெற்றுத் துணியில் எடுத்த படத்தோடு இன்னொரு படமும் அனுப்ப வேண்டும். சிற்பியே பக்கத்தில் உட்கார்ந்து, சிற்பத்தின் பீடத்தில் ஒரு கையை வைத்துக்கொள்ளலாம். மனிதக் கையின் அளவு உலகம் முழுவதும் எல்லோருக்கும் தெரியும். உயரம் எத்தனை அங்குலம், என்ன மரம், எந்த மாதம் செய்தது என்று படத்தின் கீழே எழுதி, அதில் ஒரு பிரதியைப் பட்டறையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். புதுச்சேரிக்காரர்கள் ஊரும் கோவிலும் எழுதி வைத்தார்களே, அதைப்போல.